கல்லூரிகள் இல்லாத பல்கலைக்கழகம்: தஞ்சையில் ஓர் ஆய்வுத் திட்டம் கடந்து வந்த பாதை

தமிழ்நாட்டில் அரசுப் பல்கலைக்கழகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, சில மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனம்தான். 1981 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது இருக்கும் ஊரிலுள்ள மன்னர் சரபோஜி கல்லூரி மாணவரும் சரி, கும்பகோணம் அரசு கலைக்கல்லூரி மாணவரும் சரி, திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத்தான் பெறுகிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் வளாகமும் மாநிலத்தின் மொழியையே பெயராகவும் கொண்ட ஒரு பல்கலைக்கழகம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏன் சிறியதாகவே இருக்கிறது, ஏன் அதன் பெயர் செய்திகளில் வரும்போதெல்லாம் சம்பளம், ஓய்வூதியம், நியமன வழக்கு என்றே வருகிறது என்ற கேள்விக்கு அரசியல் தலையீடு என்ற ஒற்றை விடையைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட ஆழமான காரணம், அந்தப் பல்கலைக்கழகம் எதற்காக அமைக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கும் அதற்குப் பணம் வந்த முறைக்கும் தொடக்கத்திலிருந்தே பொருத்தம் இல்லாமல் போனதுதான் என்று நான் கருதுகிறேன்.

தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் 1981-இல் திடீரென முளைத்ததன்று. 1911-இல் தஞ்சையின் வடபகுதியான கரந்தையில் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும், அதன் முதல் தலைவர் தமிழவேள் உமாமகேசுவரனாரும், நடுக்காவேரியில் பிறந்த நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் போன்ற புலவர்களும் சேர்ந்த வட்டத்தில் 1920-களிலேயே இந்தக் கோரிக்கை உரக்க எழுந்தது. அந்த வட்டம் காவிரிப் படுகையில் உருவானதற்கு வலுவான பின்புலம் உண்டு. திருவாவடுதுறை போன்ற சைவ மடங்கள் புலவர்களையும் சுவடிகளையும் பல தலைமுறைகளாகப் பேணி வந்தன. உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, அங்கிருந்த காலத்தில்தான் சீவக சிந்தாமணியைத் தேடிப் படித்து 1887-இல் அச்சிட்டார். தஞ்சை அரண்மனையின் சரசுவதி மகால் நூலகம் 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பெரிய கோயில் சுவர்களிலோ கல்வெட்டுகள் நிறைந்து கிடந்தன. ஆக, ஆய்வுக்கான மூலப்பொருள் முழுவதும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதை முறையாகப் படிக்கவும் பதிப்பிக்கவும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் நிறுவனம் மட்டும்தான் இல்லாதிருந்தது.

1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அந்தக் கோரிக்கை பாதி நிறைவேறியதாகப் பலரும் கருதினார்கள். தமிழ் ஆய்வுக்கு அண்ணாமலை நகர் செய்த தொண்டு பெரிது. ஆனால் அது எல்லாத் துறைகளையும் நடத்தும் பொதுப் பல்கலைக்கழகமாக வளர்ந்ததே தவிர, தமிழுக்கென்று மட்டும் இயங்குவதாக அமையவில்லை. அப்படியொரு நிறுவனம் அமைய மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1981 சனவரியில் மதுரையில் 5-ஆம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த அந்த ஆண்டிலேயே தஞ்சைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, 1982-இல் அதற்குரிய சட்டம் இயற்றப்பட்டு, 1983-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பும் கிடைத்தது. இத்தனை விரைவாக நடந்ததற்கு அரசின் ஆர்வத்தோடு, முதல் துணைவேந்தராக வந்தவரின் முன்னனுபவமும் காரணம். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம், அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்று, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையைக் கட்டி எழுப்பியவர். 1964-இல் தனிநாயக அடிகளோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். திராவிட மொழியியலுக்கென ஒரு கழகத்தையும் ஆய்விதழையும் நடத்திக் காட்டியவர். துறை நடத்துவது, ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பது, காலக்கெடு வைத்து வேலை வாங்குவது ஆகியவற்றில் நீண்ட அனுபவம் உள்ள ஒருவரிடம் வெற்றுத் தாளைக் கொடுத்து, நீங்களே வரையுங்கள் என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் தஞ்சையில் நடந்தது.

அவர் வரைந்த அமைப்பில் வகுப்பறை மையமாக இல்லை. கலைப்புலம், சுவடிப்புலம், வளர்தமிழ்ப்புலம், மொழிப்புலம், அறிவியற்புலம் என ஐந்து புலங்கள். அவற்றின்கீழ் சிற்பம், இசை, நாடகம், ஓலைச்சுவடி, அரிய கையெழுத்துச் சுவடி, கல்வெட்டியலும் தொல்லியலும், நீரகழாய்வு, அகராதியியல், மொழிபெயர்ப்பு, அறிவியல் தமிழ், அயல்நாட்டுத் தமிழ்க் கல்வி, மொழியியல், நாட்டுப்புறவியல், சித்த மருத்துவம், தொல்லறிவியல், கட்டடக்கலை என்று விரியும் துறைகள். தமிழ் இலக்கியம் அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழை ஒரு பாடமாக நடத்துவது அந்த அமைப்பின் நோக்கமாக இருக்கவில்லை. தமிழ் பேசுவோரின் அறிவு, தொழில், கலை, மருத்துவம், நிலம் அனைத்தையும் தமிழிலேயே ஆராய்வதுதான் நோக்கம். தொடக்க ஆண்டுகளில் இளங்கலை, முதுகலை வகுப்புகள் இல்லை. ஆய்வுப் பட்டங்களும் துறைதோறும் ஆய்வுத் திட்டங்களும்தான். பேராசிரியர் என்றால் திட்டத்தை முடித்து நூலாகக் கொடுப்பவர் என்பதே பொருளாக இருந்தது. ‘உள்ளுவதெல்லாம் உயர்வுள்ளல்’ என்ற குறள் வரியை முத்திரையில் பொறித்துக்கொண்ட நிறுவனம் அந்த நாள்களில் அதற்கு உண்மையாகவே நடந்துகொண்டது.

இந்த ஆய்வு எத்தகையது என்பதைச் சுவடிப்புலத்தின் வேலையைக் கொண்டு விளக்கலாம். ஓர் ஊரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து ஓலைக்கட்டு ஒன்று வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டைப் பிரித்ததும் முதலில் தூசியை மென்மயிர்த் தூரிகையால் துடைக்க வேண்டும். இராமபாணப் பூச்சி துளைத்த ஏடுகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். காய்ந்து நொறுங்கும் நிலையிலுள்ள ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி நெகிழ்வு வரச் செய்து, எழுத்தாணி கீறிய தடத்தில் விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியும். பின்னர்தான் படிப்பு தொடங்குகிறது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் இருக்கும். துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ‘கொடு’ என்று படிப்பதா ‘கோடு’ என்று படிப்பதா என்பதை யாப்பையும் பொருளையும் வேறு படிகளையும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். ஒரு மருத்துவச் சுவடியில் இந்த முடிவு பிழையானால் மருந்தின் பெயரே மாறிவிடும். ஆகவே ஒரு சுவடியைச் செம்மையாகப் பதிப்பிக்க, படிக்கத் தெரிந்த ஒருவர் பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் உட்கார வேண்டும். இந்த வேலைக்கு மாணவர் கட்டணம் என்று எதுவும் வராது. சந்தையும் கிடையாது. அரசோ மடமோ செல்வரோ பொறுப்பேற்றாலொழிய இது நடக்காது.

அரிய கையெழுத்துச் சுவடித் துறையில் நடந்த மோடி எழுத்து ஆவணப் பணியும் அத்தகையதே. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் மராத்தி மொழியில், கோர்வையாக எழுதும் மோடி எழுத்தில், கட்டுக் கட்டாகக் கிடந்தன. மராத்தி தெரிந்தவர்களிலேயே அந்த எழுத்தைப் படிப்பவர்கள் அரிது. அவற்றைப் படித்துத் தமிழாக்கிப் பல்கலைக்கழகம் தொகுதிகளாக வெளியிட்டது. அரண்மனையில் யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது, எந்தச் சத்திரத்துக்கு என்ன செலவானது, இசைக்கும் கூத்துக்கும் எவ்வளவு போனது என்பதையெல்லாம் தமிழ் மட்டும் தெரிந்த ஆய்வாளர் நேரடியாகப் பார்க்க முடிந்தது இதன் பயன். காவிரிப் படுகையின் 18, 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றை எழுத நினைப்பவர் எவரும் இந்தத் தொகுதிகளைத் தாண்டிப் போக முடியாது.

தொல்லியல் துறை தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1984-இல் அகழாய்வு செய்தது. ஆனால் அதற்குப் பெயர் பெற்றுத் தந்தது நொய்யல் ஆற்றின் வடகரையிலுள்ள கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பாடப்பட்ட அந்த ஊரில் 1985-இல் தொடங்கி 1990 வரை பல பருவங்களில் எ. சுப்பராயலு, கா. இராசன் முதலியோர் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சமும், பளிங்கு, சூதுபவளம், பச்சைக்கல் முதலியவற்றில் மணி செய்த பட்டறைகளின் தடயமும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஏராளமான பானை ஓடுகளும் கிடைத்தன. சங்ககாலத்தில் எழுத்தறிவு அரண்மனைக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை, கைவினைஞர் வாழ்ந்த ஊரிலும் பரவியிருந்தது என்ற வாதத்துக்குக் கொடுமணல் வலுவான சான்று. இன்று கீழடியைப் பற்றி நாம் பேசும் பல செய்திகளுக்கு முன்னோடியாக நிற்கும் இந்த அகழாய்வு, பொதுமக்கள் நினைவில் உரிய இடம் பெறவில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமாவோடு சேர்ந்து செய்த ஆய்வும் இதே காலத்தது. சீனப் பீங்கான் ஓடுகளின் வழியே இடைக்காலக் கடல் வணிகத்தை அறிய அது உதவியது.

நாடகத் துறையில் சே. இராமானுசம், மு. இராமசாமி ஆகியோர் பணியாற்றினார்கள். நவீன நாடகத்துக்கும் கூத்து மரபுக்கும் இடையில் பாலம் அமைந்த இடங்களில் தஞ்சையும் ஒன்று.

அந்தக் காலத்தின் ஆகப் பெரிய முயற்சி களஞ்சியங்கள்தாம். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டிருந்தது. அதற்கு அடுத்த தலைமுறைக்கென, கலை, வரலாறு போன்ற மானிடவியல் துறைகளுக்கு வாழ்வியற் களஞ்சியமும் இயற்கை அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகியவற்றுக்கு அறிவியல் களஞ்சியமும் தனித்தனியே தொகுக்கத் தஞ்சையில் திட்டமிட்டார்கள். முன்னது 15 தொகுதிகள், பின்னது 19 தொகுதிகள். ஒவ்வொரு தலைப்புக்கும் அந்தத் துறை அறிந்த ஒருவரைத் தேடி எழுத வைப்பது, அவர் ஆளும் கலைச்சொல் மற்றொருவர் ஆளும் சொல்லோடு முரணாமல் பார்ப்பது, அகர வரிசையில் ஒரு தொகுதி முழுவதும் வந்து சேரும்வரை காத்திருப்பது என்று அதன் ஒவ்வொரு படியும் பொறுமையைக் கேட்கும் வேலை. ஒரு கட்டுரை வராவிட்டால் தொகுதி முழுதும் நின்றுவிடும். இதோடு பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தமிழில் பாடநூல்களும் எழுதுவிக்கப்பட்டன. அந்நூல்கள் வெளிவந்த காலத்தில் தமிழ்வழியில் பொறியியல் படிக்கும் மாணவர் தமிழ்நாட்டில் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியதே 2010-இல்தான். வகுப்பறை வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலான காலம் முன்பே புத்தகம் வந்துவிட்டது. இதை வீண் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. புத்தகம் எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். வகுப்பறையைத் திறக்க வேண்டியவர்கள்தான் காலம் தாழ்த்தினார்கள்.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய சில மாதங்களில், 1982-இல், சென்னைப் பல்கலைக்கழகம் திருச்சியில் நடத்தி வந்த முதுகலை மையம் பாரதிதாசன் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. காவிரிப் படுகைக் கல்லூரிகள் அனைத்தும் அதன்கீழ்ச் சென்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடைய அரசுப் பல்கலைக்கழகங்கள். ஒன்றுக்கு இணைவுக் கட்டணம் உண்டு, தேர்வுக் கட்டணம் உண்டு, சான்றிதழ்க் கட்டணம் உண்டு. கல்லூரிகள் பெருகப் பெருக வருவாயும் பெருகும். மற்றொன்றுக்கு அரசின் ஆண்டு மானியம் மட்டுமே. மாநில அரசின் மானியம், பல்கலைக்கழகம் தன் செலவில் ஒரு பகுதியைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்பது. கல்லூரிகளைக் கட்டி ஆளும் நிறுவனத்துக்கு அந்த எதிர்பார்ப்பு பொருந்தலாம். ஓலை படிக்கும் நிறுவனத்துக்கு எப்படிப் பொருந்தும்? ஊதியக் குழு பரிந்துரைகள் அமலாகிச் சம்பளச் செலவு உயரும்போதும், பணியாளர்கள் ஓய்வு பெற்று ஓய்வூதியச் சுமை ஏறும்போதும் முதலில் சுருங்குவது ஆய்வுத் திட்டத்துக்கும் நூல் அச்சுக்கும் ஒதுக்கும் தொகைதான். அண்மை ஆண்டுகளில் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களே சம்பளம் கொடுக்கத் திணறிய நிலையில், தேர்வுக் கட்டணம் என்ற ஊற்றே இல்லாத தஞ்சை என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நெருக்கடிதான் பல்கலைக்கழகத்தின் இயல்பை மெல்ல மாற்றியது. முதுகலை வகுப்புகள் வந்தன, ஒருங்கிணைந்த ஐந்தாண்டுப் படிப்பு வந்தது, தொலைநிலைக் கல்வி வந்தது. தொலைநிலைக் கல்வி சில காலம் வருவாய்க்கு வழி செய்தது. பின்னர் மானியக் குழு தர மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியதும் அந்த வழியும் குறுகியது. மாணவர் வந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. படுகையின் சிற்றூர்களிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வரும் பெண்களும் ஆண்களும் வெளியூர் விடுதிச் செலவின்றித் தமிழும் வரலாறும் இசையும் படிக்க அந்த வகுப்புகள் இடம் கொடுத்தன. அது நல்லதுதான். ஆனால் வகுப்பெடுப்பதற்கென்று கூடுதல் ஆசிரியர் வரவில்லை. ஆய்வுத் திட்டத்துக்கென அமர்த்தப்பட்டவரே வகுப்பெடுத்து, வினாத்தாள் குறித்து, விடைத்தாள் திருத்தி, தொலைநிலைப் பாடமும் எழுத வேண்டியதாயிற்று. ஓய்வு பெற்றவர்களின் இடங்களில் பல நிரம்பவில்லை. நிரப்பியபோது அந்த நியமனங்களே வழக்குக்கும் விசாரணைக்கும் உள்ளாயின.

துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் என்பதும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது. களஞ்சியமோ பேரகராதியோ முடியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு துணைவேந்தர் தொடங்கியதை அடுத்தவர் தொடரலாம், தொடராமலும் விடலாம். புதிதாக வருபவருக்குத் தம் பெயரில் ஒரு திட்டம் தொடங்கும் விருப்பம் இருப்பது இயல்பு. இடையில் பதவி காலியாக இருந்து, பொறுப்புக் குழு நிருவாகம் பார்க்கும் காலங்களில் புதிய பணி எதுவும் நகராது. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்று அண்மைக் காலத்தில் எழுந்த பூசல் எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களையும் பாதித்ததுதான். ஆனால் நீண்ட காலத் திட்டங்களையே உயிராகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு அதனால் வரும் இழப்பு மற்றவற்றைவிட மிகுதி.

பணத்தோடு பணியும் சிதறியது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970-லேயே சென்னையில் அமைந்துவிட்டது. 1974-இல் பாவாணர் தலைமையில் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்குத் தனி இயக்ககம் ஏற்பட்டது. 2001-இல் இணையவழித் தமிழ்க் கல்விக்கென ஒரு நிறுவனம் சென்னையில் வந்தது. 2004-இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டு, நடுவண் அரசின் நிதியோடு செம்மொழி நிறுவனம் மைசூரிலிருந்து 2008-இல் சென்னைக்கு மாறியது. அகராதி, சுவடி, செவ்வியல் பதிப்பு, அயலகத் தமிழ்க் கல்வி என்று தஞ்சைக்கென வரைந்த பணிகளையே இவை ஒவ்வொன்றும் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு நிறுவனமும் நல்ல நோக்கத்தோடு பிறந்ததே. என்றாலும் ஒரே வேலைக்குப் பல வாசல்கள் திறந்தால், தலைநகரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வாசலுக்குத்தான் கடைசியாகக் கவனம் வரும்.

வளாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுகை என்றதும் நாம் எண்ணும் நஞ்சை நிலம் அங்கில்லை. தஞ்சை நகருக்கு மேற்கே வல்லம் வரை விரியும் செம்மண் மேட்டில், திருச்சி சாலையோரம் வாகையூரில் அது அமைந்திருக்கிறது. ஆற்றுப் பாசனம் பாயும் வயலில் ஆயிரம் ஏக்கரை எந்த அரசும் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. மேட்டு நிலம் என்பதால்தான் அத்தனை பரப்பு கிடைத்தது. வானிலிருந்து பார்த்தால் தமிழ்நாடு என்ற எழுத்துகளாகத் தெரியும்படி கட்டடங்களைத் திட்டமிட்டார்கள். 1995 சனவரியில் 8-ஆம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில், கராசிமாவின் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சி மன்றத்தின் பொறுப்பில் நடந்தபோது நகரமே புதுப்பிக்கப்பட்டது. பின்னர் மாவட்ட ஆட்சியரகம் புதிதாகக் கட்டப்பட்டபோது பல்கலைக்கழக நிலத்தின் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. பயன்படுத்தாத நிலம் நெடுநாள் நிலைக்காது என்பது படுகையில் எல்லோரும் அறிந்தது.

2025-இல் கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் புதிய பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியபோது, படுகைக் கல்லூரிகளை அதன்கீழ்க் கொண்டுவருவதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. கல்லூரிகளை நிருவகிக்க அப்படியொரு பல்கலைக்கழகம் தேவையாக இருக்கலாம். ஆனால் அதற்குரிய அளவுகோலைத் தஞ்சைக்கும் வைக்கக் கூடாது. மாணவர் எண்ணிக்கை, கட்டண வருவாய், தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றைக் கொண்டு மானியத்தைத் தீர்மானிப்பதை விடுத்து, எத்தனை சுவடி படிக்கப்பட்டது, எத்தனை கல்வெட்டு படியெடுக்கப்பட்டது, எந்தக் களஞ்சியத் தொகுதி திருத்தம் பெற்றது என்று கணக்கிட்டு, ஐந்தைந்து ஆண்டுகளுக்கு உறுதியான திட்ட நிதியைச் சம்பள மானியத்திலிருந்து பிரித்துத் தர வேண்டும். அறிவியல் களஞ்சியம் எழுதப்பட்ட காலத்தில் கைப்பேசி இல்லை, மரபணு வரிசையாக்கம் இன்றைய அளவில் இல்லை, இணையம் பொதுமக்களிடம் வரவில்லை. அதன் தொகுதிகளைத் திருத்தி மின்வடிவில் கொண்டுவர, நிரந்தரப் பதிப்பாசிரியர் குழு ஒன்றும், கலைச்சொல் முடிவு செய்ய ஒரு குழுவும், எழுதுவோருக்கு மதிப்பூதியமும் இருந்தால் போதும். புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.